பத்துப் பைசாவுக்குள் நாலு பேர்... எங்க அப்பா எங்கே?

‘இந்தப் பத்துப் பைசா உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!’

இப்படி ஒரு தலைப்பை உங்கள் மொபைலில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். கிளிக்கும் செய்திருப்பீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அந்த மாதிரித் தலைப்பின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. வியூஸ் எகிறும். போன மாதம் மீட்டிங்கில் என் பக்கம் கையை நீட்டி, “பழைய காசு பத்தி ஏதாவது பண்ணு” என்றார்கள். சரி, லட்சம் கோடி எல்லாம் இல்லாமல், நிஜமான காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம் என்று ஊருக்குப் போனபோது அப்பத்தாவின் சுருக்குப்பையைக் கேட்டேன்.

சிவகங்கைச் சீமைப் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். அவருடைய சுருக்குப்பைக்குள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சாவி, மடித்து மடித்துக் கிழியப் போகிற பத்து ரூபாய் நோட்டு எல்லாம் இருக்கும். ‘பழைய காசு இருக்கா அப்பத்தா?’ என்றதும், பையைக் கொட்டாமல், அதன் அடியில் தனியாக முடிச்சுப் போட்டிருந்த துணியை அவிழ்த்தார். ஒரே ஒரு பத்துப் பைசா. கையில் வாங்கினால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசான அலுமினியக் காசு. ஓரம் வட்டமாக இல்லாமல் பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து போகும். நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இப்போது விரல் நுனியில் அந்த விளிம்பு நினைவுக்கு வந்திருக்கும்.

ஆனால், இது எல்லோரும் பார்த்த பத்துப் பைசா இல்லை. ஒரு பக்கம் வழக்கம்போல் நான்முகச் சிங்கமும் மதிப்பும். திருப்பினால் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கூடவே தலைகீழாக ஒரு முக்கோணம். சுற்றிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. ‘திட்டமிட்ட குடும்பங்கள், எல்லோருக்கும் உணவு’ என்பது அதன் பொருள். வருடம் 1974.

“இதுல எத்தனை பேரு இருக்காக, எண்ணு” என்றார் அப்பத்தா.

“நாலு பேர்.”

“உங்கப்பன் எங்கே?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சுரீர் என்றது. பெரியப்பா முதல் பிள்ளை. அத்தை இரண்டாவது. எங்க அப்பா மூன்றாவது. பிறந்தது அதே 1974, ஐப்பசி மாசம்.

கடைக்காரர் கொடுத்த சில்லறை

அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். “அப்ப எனக்கு மாசம் ஏழு. ஊருக்கே ஒரு கடைதான். சீரகம் வாங்கப் போனேன். சில்லறையைக் குடுத்தவரு, இந்தக் காசை மட்டும் தனியா எடுத்துத் திருப்பிக் காட்டி, ‘இந்தா பாரு, கவர்மெண்டே சொல்லிருச்சு, ரெண்டு போதும்னு. நீ மூணாவதைச் சொமந்துக்கிட்டு நிக்கிற’ன்னு சிரிச்சாரு. அங்கன நின்ன நாலு பேரும் சிரிச்சாக. எனக்கு ஒருமாதிரியாப் போச்சு.”

“அதுக்காகவா இத்தனை வருஷம் வெச்சிருக்க?”

“செலவழிச்சா என்ன ஆகும்? ஒரே கடை. அவரு இன்னொருத்திக்குக் குடுப்பாரு, அவ மோருக்கு எங்கிட்டக் குடுப்பா. சுத்திச் சுத்தி எங்கிட்டத்தானே வரும். அதான் முடிஞ்சு வெச்சுட்டேன்.”

நாணயம் சேகரிப்பவர்கள் ‘புழக்கத்தில் விடப்பட்ட நினைவு நாணயம்’ என்று ஒரு வகையைச் சொல்வார்கள். ஒரு கிராமத்தில் அந்தப் புழக்கம் எப்படி நடக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் நினைவு நாணயம் என்றால் படம்தான் நமக்கு வரும், நாணயம் வராது. 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்கு வெளியான 75 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. அதைக் கொடுத்து யாரும் காய்கறி வாங்க முடியாது. வாங்குகிற விலையே முகமதிப்பைவிடப் பல மடங்கு. ஆர்டர் போட்டு, டப்பாவோடு அலமாரியில் வைப்பதற்கானது. 1974-ம் வருடத்துக் காசு வேறு சாதி. அதே குடும்பப் படத்தோடு 10 ரூபாயும், வெள்ளி கலந்த 50 ரூபாயும் வந்தன. அவை சேகரிப்பாளர்களுக்கு. இந்தப் பத்துப் பைசா மட்டும் சீரகத்துக்கும் வெற்றிலைக்கும் கை மாறி, பஸ் கண்டக்டர் பைக்குள் குலுங்கி, கோயில் உண்டியலில் விழுந்து, மறுபடி வீட்டுக்கு வந்தது. கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த விளம்பரம்.

தலைவர்கள் போய், தட்டு வந்தது

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல், நேரு மறைந்த வருடத்தில் வந்தது. ஒரு ரூபாயிலும் ஐம்பது பைசாவிலும் அவர் முகம். 1969-ல் காந்தி நூற்றாண்டு. அதுவரை நினைவு என்றால் மறைந்த பெரியவர்கள்தான்.

1968-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தில் உணவு பற்றிய செய்தி ஒன்றைப் பொறிக்கட்டும் என்றது. இந்தியா 1970-ல் சேர்ந்துகொண்டது. மஞ்சள் நிற 20 பைசாவில் தாமரையும் சூரியனும் போட்டு ‘எல்லோருக்கும் உணவு’ என்று எழுதினார்கள். 1972-ல் மழை பொய்த்தது. அடுத்த வருடம், 1973-ல், ஐம்பது பைசாவில் ‘உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்’ என்ற வாசகம்.

அதற்கடுத்த வருடம்தான் அப்பத்தாவின் காசு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1973-ம் வருடத்துக் காசு விவசாயியிடம் அதிகம் விளையச் சொல்கிறது. 1974-ம் வருடத்துக் காசு வீட்டுப் பக்கம் திரும்பி, சாப்பிடுகிற வாயைக் குறைக்கச் சொல்கிறது. ஒரே அமைப்பின் திட்டம், ஒரே அரசு, ஒரு வருட இடைவெளி. பசிக்குக் காரணம் வயல் என்றிருந்தது, வயிறு என்று மாறிவிட்டது.

அரசைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. 1971-ல் இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.2 குழந்தைகள். அதில் எத்தனை தங்கும் என்பதும் நிச்சயமில்லை. பெற்றே தேய்ந்து போன பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். அப்பத்தாவின் அம்மாவுக்கே ஒன்பது. அவர்களுக்கு ஒரு வழியைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் தப்பு இல்லை. 1974-ஐ ஐ.நா.வும் உலக மக்கள்தொகை ஆண்டாக அறிவித்திருந்தது. காசு சரியான நேரத்தில்தான் வந்தது.

சிவப்பு இல்லாத சிவப்பு முக்கோணம்

இனி அந்த முக்கோணத்துக்கு வருவோம். ஆட்டோவின் முதுகிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும், ‘நிரோத்’ பாக்கெட்டிலும் பார்த்த அதே தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம்தான். அறுபதுகளின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் அதிகாரியாக இருந்த தீப் தியாகி என்பவர் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடு. பதினைந்துக்கு மேற்பட்ட மொழிகள். கிராமத்துச் சுவரில் உள்ளூர் பெயின்டர் ஒருவர் கோணாமல் வரையக்கூடிய அளவுக்கு எளிமையாக ஒரு சின்னம் வேண்டும். மூன்று கோடு, உள்ளே சிவப்பு. முடிந்தது. விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் பொறாமைப்படலாம்.

அலுமினியக் காசில் நிறம் கிடையாது. சிவப்பு முக்கோணம் வெறும் முக்கோணமாக நிற்கிறது. ஆனாலும் கடைக்காரருக்குப் புரிந்தது, அப்பத்தாவுக்குப் புரிந்தது. சுவரில் அத்தனை தடவை பார்த்திருந்ததால், கண் தானாகவே சிவப்பைப் பூசிக்கொண்டது. காசில் இருந்த எழுத்தோ இரண்டு பேருக்குமே தெரியாத இந்தியும் ஆங்கிலமும். (தமிழ் எழுத்தை இந்திய நினைவு நாணயத்தில் பார்க்க நாம் பல வருடம் காத்திருந்தோம். 2009-ல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். அந்தக் கதையை இன்னொரு வாரம் பார்க்கலாம்.) படிக்கத் தெரிந்திருந்தால் ‘எல்லோருக்கும் உணவு’ என்ற பாதியும் அப்பத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். படம் மட்டும் போய்ச் சேர்ந்ததால், அவர் காதில் விழுந்தது ‘ரெண்டு போதும்’ மட்டும்தான்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் ஒன்று. தியாகியின் காலத்தில் சுவரெல்லாம் எழுதப்பட்ட முதல் முழக்கம், ‘இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும்’ என்பது. ஆமாம், மூன்றுக்கும் இடம் இருந்தது! பிறகுதான் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ வந்தது. அதற்கும் பிறகு ‘நாம் இருவர், நமக்கு ஒருவர்’. ஆக, அறுபதுகளின் கடைசியில் பிறந்திருந்தால் எங்க அப்பா அரசாங்கத்தின் கணக்குக்குள் வந்திருப்பார். ஐந்தாறு வருடம் லேட்டாகப் பிறந்ததால் காசுக்கு வெளியே போய்விட்டார். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். “அதான் உங்க பெரியப்பாவுக்கு எப்பவும் புதுச் சட்டை, எனக்கு அவர் போட்ட சட்டை” என்றார். அவருடைய கவலை அவருக்கு.

படத்தில் இல்லாதவர்கள்

காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஐம்பது வருடத் துணிக்குள் இருந்ததால் அவ்வளவாகத் தேயவில்லை. வருடத்துக்குப் பக்கத்தில் குட்டியாக வைர வடிவம் தெரிந்தால் அது பம்பாய் நாணயச் சாலையில் அச்சானது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. உங்கள் வீட்டுக் காசுகளிலும் பார்க்கலாம், குழந்தைகளுக்குக் காட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அப்பத்தாவின் காசில் வைரம். பம்பாயிலிருந்து சிவகங்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

“இதுல கெழவன் கெழவி யாரையும் காணோமே” என்றார் அப்பத்தா, நான் பார்ப்பதைப் பார்த்து. “அப்ப எங்க வீட்டுல எத்தனை பேரு தெரியுமா? மாமியா, மாமனாரு, தாலி அறுத்த சின்ன மாமியா ஒருத்தக, கொழுந்தன் ரெண்டு பேரு. பதினோரு பேருக்கு ஒலை வெப்பேன். இவுக நாலு பேரு மட்டும் எந்த ஊருல இருந்தாக?”

நியாயமான கேள்வி. இன்றைக்கு அபார்ட்மென்ட் லிஃப்ட்டில், பள்ளிக்கூட டைரியில், இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில், எங்கே ‘குடும்பம்’ என்று படம் போட்டாலும் இந்த நாலு பேர்தான் நிற்கிறார்கள். 1974-ல் கிராமத்தில் அப்படி ஒரு குடும்பம் அபூர்வம். அந்தக் காசை வரைந்தவர் பார்த்ததை வரையவில்லை, வரவேண்டியது என்று நினைத்ததை வரைந்திருக்கிறார். அது அப்படியே வந்தும்விட்டது. நான் வளர்ந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பத்தா வருடத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி.

அம்மாவையும் அப்பாவையும் காசில் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். குடும்பத்தைத் திட்டமிடுவது இருவரின் பொறுப்பு என்று படம் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். நடந்தது வேறு.

ஆரம்பத்தில் ஆண்கள்தான் அதிகம் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். 1974 ஆகஸ்ட்டில் புக்காரெஸ்ட்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், இந்தியக் குழுவின் தலைவர் கரண் சிங், வளர்ச்சிதான் ஆகச் சிறந்த கருத்தடை என்ற பொருளில் பேசினார். உலகம் கைதட்டியது. அவரே சுகாதார அமைச்சராக 1976 ஏப்ரலில் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார். நெருக்கடி நிலைக் காலம் அது. 1976-77 ஒரே வருடத்தில் நடந்த கருத்தடை அறுவை சிகிச்சைகள் 80 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் ஆண்கள். இலக்கு வைத்து, சம்பளத்தைப் பிடித்து, வட மாநிலங்களில் ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றி நடந்த கதைகளை ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. காசில் சாந்தமாக நின்ற முக்கோணத்தைப் பார்த்து ஊரே ஓடி ஒளிந்த காலம்.

1977-ல் ஆட்சி மாறியது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரே ஆகாது என்று துறைக்குக் ‘குடும்ப நலம்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆண்களைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்று எல்லாக் கட்சிக்கும் புரிந்துவிட்டது. பிறகு யார் மிச்சம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவிகிதம். ஆண்கள் செய்துகொண்டது? 0.3 சதவிகிதம். புள்ளியை நான் தப்பான இடத்தில் வைக்கவில்லை. ஆண்களுக்கான சிகிச்சைதான் சிறியது, எளிது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“நீ எப்போ பண்ணிக்கிட்ட அப்பத்தா?”

“உங்கப்பன் ஓடியாட ஆரம்பிச்சப்புறம். நாலாவது வேணாம்னு நான்தான் முடிவு பண்ணினேன். உங்க தாத்தாவைக் கேட்டேன். ஆம்பளைக்குப் பண்ணினா மம்பட்டி பிடிக்க முடியாதாம், யாரோ சொல்லிட்டாக. பயந்துக்கிட்டாரு. நானே போனேன்.”

“மம்பட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல அப்பத்தா.”

“இப்பச் சொல்றியே! அப்ப யாரு சொன்னா?” என்று சிரித்துவிட்டு, சேலைக்கு மேலாக வயிற்றின் கீழ்ப்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டார். “மார்கழிப் பனிக்கு இன்னமும் இழுக்கும். வீட்டுக்கு வந்த மூணாம் நாளு தண்ணி எறைக்கப் போயிட்டேன், அதான். பதினோரு பேருக்கு யாரு வைப்பா ஒலை?”

கடைக்காரர் மேல் கோபமா, காசு மேல் கோபமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். “காசு சொன்னது தப்பில்லத்தா. எங்க ஆத்தா ஒம்பது பெத்து நாலைத்தான் வளத்துச்சு. அது பட்டதை நான் பாத்தேன். ஆனா வயித்துல இருக்கிற புள்ளைய வெச்சுக்கிட்டுச் சொல்லலாமா?” என்றார்.

கணக்கு திரும்புகிறது

1993-ல் மறுபடி ஒரு காசு வந்தது. இரண்டு ரூபாய். ‘சின்னக் குடும்பம், சந்தோஷக் குடும்பம்’. தொனி மாறியிருப்பதைக் கவனியுங்கள். உணவு போய் சந்தோஷம் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1979-ல் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டுக்கு வந்த பத்துப் பைசாவில் ‘மகிழ்ச்சியான குழந்தை, தேசத்தின் பெருமை’ என்று எழுதினார்கள். முதலில் எண்ணிக்கையைக் குறை என்று சொல்லிவிட்டு, ஐந்து வருடம் கழித்துப் பிள்ளையைக் கொஞ்சிய அரசாங்கம்.

தமிழ்நாடு இந்தக் காசின் பேச்சைக் கேட்ட மாநிலம். பெண்கள் படித்தது, மதிய உணவு, கிராமத்துக்குக் கிராமம் வந்த நர்ஸ் அக்காக்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற தைரியம் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. காசுக்கு மட்டும் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். இந்திய சராசரியே 2-க்கு வந்துவிட்டது.

இப்போது தலைகீழாக ஒரு பேச்சு கேட்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, குழந்தைகளை அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் ஒரு திருமண விழாவில் மு.க.ஸ்டாலின், பதினாறு செல்வங்கள் பற்றிய வாழ்த்தைச் சொல்லி, ஏன் பதினாறு பிள்ளைகள் பெறக் கூடாது என்று கேட்கிற நிலை வந்துவிட்டதே என்றார். பின்னணி, தொகுதி மறுவரையறை. 1976-ம் வருடத்து அதே மக்கள்தொகைக் கொள்கைதான், குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்கிற மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்கள் குறையாமல் 1971 கணக்கெடுப்பையே வைத்துக்கொள்ளலாம் என்றது. 42-வது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. 2001-ல் முடிந்திருக்க வேண்டியது, 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டப்பட்டது. ‘பேச்சைக் கேட்டவர்களுக்கு இடம் குறையுமா?’ என்பது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளின் பயம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால், அந்த நியாயத்தைத் தீர்க்க மறுபடி பெண்ணின் வயிற்றைத்தான் கைகாட்ட வேண்டுமா? என் சித்தி மகளுக்கு ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. போன பொங்கலுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், டி.வி-யில் பார்த்ததை வைத்து, ‘தலைவர்களே சொல்லிட்டாங்க, அடுத்தது எப்போ?’ என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் கிச்சனுக்குள் போனாள். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அப்பத்தாவின் கடைக்காரர் கதையைக் கேட்டபிறகு அவளுக்குப் போன் பண்ணினேன். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

அந்த லட்சம் ரூபாய்?

தலைப்பில் ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் டெஸ்க்கில் திட்டுவார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. 1974-ம் வருடத்துக் குடும்பக் காசு லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புழக்கத்துக்காக ஏராளமாக அச்சிட்ட காசு அது. பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றுகிறார்கள். அப்படிப்பட்ட வேலை எதிலும் தாங்கள் இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது, “காசை நான் எடுத்துக்கவா அப்பத்தா? போட்டோ எடுக்கணும்” என்றேன். கொடுக்கவில்லை. அங்கேயே எடுக்கச் சொன்னார். திண்ணையில் வைத்து மூன்று போட்டோ எடுத்தேன். மறுபடி துணிக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். இந்தத் தடவை கொஞ்சம் தளர்வாகப் போட்டதுபோலத் தெரிந்தது, நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பஸ் வரச் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டினேன். அப்பத்தா கையை நீட்டினார்.

“என்ன அப்பத்தா?”

“வெத்தலை தீந்துபோச்சு. செல்லுற காசா ஒரு பத்து ரூவா குடுத்துட்டுப் போ.”